ஆர்காதியும் ராகுகாலமும்

ஆர்காதிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் நாங்கள் வேலை செய்த பிளாஸ்டிக் ஃபாக்டரியில், பிரேக் நேரத்திலும் அவன் கால் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். அவன் ரஷ்யாவில், வோல்கா ஆற்றங்கரை நகரமொன்றில், பத்தொன்பது வயதிலேயே சம்பளத்துக்கு உதைபந்தாடப் போனவன். இரண்டாம் பிரிவுக் கழகத்தின் முன்கள வீரன். பிறகு நாடு உடைந்தது, கழகம் சம்பளத்தை நிறுத்தியது, முழங்காலும் ஒருமுறை முறிந்து பொருந்தியது. தொண்ணூற்று மூன்றில் மனைவியோடு ரொறன்ரோவுக்கு வந்து, மல்வேர்னில் குடியேறினான்.

அவனை எங்கள் ஊரவர் இங்கே நடத்திய உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கொண்டுவந்தவர் விநாயகமூர்த்தி அண்ணை. தலைவர், மனேஜர், டிரைவர் எல்லாம் அவர்தான். ஊர்க்காரர் மட்டுமே விளையாடலாம் என்று விதி போட்டவரும் அவர். "உவனும் எங்கட ஊர்ப் பெடியன்தான், கொஞ்சம் தள்ளிப் பிறந்திட்டான்" என்று அதை உடைத்தவரும் அவரே.

ஆர்காதி எங்களுக்குக் கோல் கோலாக அடித்துத் தந்தான். அடித்தும் அவனுக்கு மனம் ஆறவில்லை. ஃபாக்டரியில் பொறுக்கிய தமிழில், போதாது என்பதற்கு, "காணாது" என்பான். முப்பத்துநாலு வயதில் இன்னும் என்ன வேணுமாம் என்று நாங்கள் சிரிப்போம்.

தொண்ணூற்றேழு வைகாசியில் புதிய தொழில்முறைக் கழகமொன்று ஆட்களைத் தெரிவு செய்தது. சனிக்கிழமை காலை பத்து மணி, நகரத்தின் மறுகோடியில். இனி ஒரு வாய்ப்பு வராது என்று அவனுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க அவன் நித்திரை கொள்ளவில்லை. "எட்டரைக்கு என்ரை வீட்டை வாரும், நான் கொண்டுபோய் விடுறன்" என்றார் அண்ணை. துணைக்கு என்னையும் வரச் சொன்னார்.

அண்ணை குளித்து, சாமி கும்பிட்டு, விபூதியோடு வெளியே வர ஒன்பதாகிவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"தம்பி, ராகுகாலம் துவங்கிட்டுது. பத்தரைக்கு வெளிக்கிடுவம்."

"அண்ணை, பத்துக்கு அவன் அங்க நிக்கவேணும்!" என்று நான் கத்தினேன்.

"பிந்தினாலும் பரவாயில்லை. நல்ல காரியத்துக்குக் கெட்ட நேரத்தில வெளிக்கிடேலாது."

டாக்சி கூப்பிட ஃபோனை எடுத்தேன். டாக்சிக்கு மட்டும் ராகுகாலம் இல்லையோ என்று அதையும் பறித்து வைத்தார். கார்ச் சாவி அவர் சட்டைப் பையில். அண்ணையின் மனைவி பாலேஸ்வரி அக்கா தேத்தண்ணி வைத்தார். மேசைக்குக் கீழே ஆர்காதியின் கால் ஆடிய ஆட்டத்தில் கோப்பை கடகடத்தது. வந்த வீட்டில் பெரியவரை எதிர்த்துப் பேச அவனுக்கும் வாய் வரவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்துகளை வலைப்பையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆட்களை எடுத்தாகிவிட்டது என்றார் கோச். காரிலேயே பூட்ஸ் கட்டி வந்தவன் அப்படியே நின்றான்.

"போன நேரம் நல்ல நேரம்தான். உவங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை" என்றார் அண்ணை, திரும்பி வரும்போது. எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. பின் இருக்கையில் ஆர்காதியின் கால் அசையவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் கழகத்துக்கு இறுதியாட்டம், அதுவும் பத்து மணிக்கு. கிண்ணம் என்றதும் ராகு எங்கே போனானோ தெரியாது, ஒன்பதுக்கே அண்ணை ஆர்காதியின் கதவைத் தட்டினார். நானும் கூட நின்றேன்.

ஆர்காதி பூட்ஸ் கட்டித் தயாராக இருந்தான். எங்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினான். சாவியைப் பையில் போட்டான். கதிரையை இழுத்து வைத்தான்.

"இருங்கோ அண்ணை. ராகுகாலம்."

"தம்பி, ஃபைனலெல்லோ!"

அவன் தேத்தண்ணி ஊற்றினான். அண்ணை என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். ஒன்பதே முக்காலாயிற்று, பத்தாயிற்று. மேசைக்குக் கீழே அண்ணையின் கால் ஆடத் தொடங்கியது. கோப்பை கடகடத்தது. அவர் காலைக் கையால் பிடித்துப் பார்த்தார். அது நிற்கவில்லை.

"அண்டைக்கு உமக்கு இப்பிடித்தான் இருந்ததோ?" என்று தலை குனிந்தபடி கேட்டார்.

ஆர்காதி சாவியை எடுத்து மேசையில் வைத்தான்.

"காணும்" என்றான்.