இடது கையில் ஓர் அங்குலம்

தையல்காரியிடம் துணி கொடுத்தால் தப்பு வராது என்று தெருவே சத்தியம் செய்யும். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். "தொப்பையை உள்ள இழுக்காதீங்கண்ணே, நாளைக்குச் சட்டைக்கு மூச்சு முட்டும்" என்று கேலியும் செய்வாள். அப்பேர்ப்பட்டவள், நாற்பது அங்குல மார்புக்கு எந்தச் சட்டை தைத்தாலும் இடது கை ஓர் அங்குலம் குறைந்துபோகும். வெட்டும்போது சரியாக இருக்கும், மடித்துக் கொடுக்கும்போதும் சரியாக இருக்கும். வாங்கிப்போனவர் மறுநாள் மணிக்கட்டைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

காரணம் அவளுக்குத் தெரியும். வெளியே சொன்னால்தானே!

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கடை அம்மாவுடையது. அக்கா ஒரு வெள்ளைச் சட்டையை ஒளித்து ஒளித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அதைக் கண்டெடுத்து அளந்தாள். தப்பைப் பிடித்துவிட்ட பெருமையில் தலைகால் புரியவில்லை.

"அம்மா, அக்கா தப்பா வெட்டியிருக்கா! இடது கை ஒரு இஞ்ச் கம்மி!"

ஊரில் பாதிப் பேருக்குத் தைத்தவள் அம்மா. சட்டையை விரித்ததும் முகம் வெளிறிப்போயிற்று. நாற்பது அங்குல மார்பும் ஓர் அங்குலம் குட்டையான இடது கையும் உள்ள ஆள் ஊரில் ஒருவன்தான். அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். அவன் ஆட்களோடு பேச்சே கூடாது என்றிருந்த வீடு அது. சட்டை அப்பா கைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் அவன் கால்வாயில் மிதந்தான். தவறி விழுந்தான் என்றார்கள்.

அன்றைக்கு வாயை மூடியவள்தான் அக்கா. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்கள். முப்பத்தெட்டு வருஷமாகக் கடையின் பின்னறையில் பட்டன் தைக்கிறாள். காட்டிக்கொடுத்தது யாரென்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்தால் இருக்கிற ஒரே உறவும் போய்விடும். இந்தப் பயம்தான் தையல்காரியை அரித்துத் தின்றது.

போன மழைக்காலத்தில் வாத்தியார் மூன்றாம் முறையாகச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஏம்மா, என் கை வளருதா?" என்று சிரித்தார். இடது கைமுனை மட்டும் நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். கால்வாய் வாடை அடித்தது.

அப்போதே கடையைச் சாத்தினாள். வெள்ளைத் துணி எடுத்து, இடது கையை ஓர் அங்குலம் குறைத்து, தெரிந்தே வெட்டித் தைத்தாள். அதை அக்காவின் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"அன்னிக்குக் காட்டினது நான்தான்க்கா. நீ தப்பா வெட்டிட்டியேன்னுதான் காட்டினேன். சத்தியமா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

அக்கா அந்தக் கையைச் சாணால் அளந்தாள். பிறகு, துருப்பிடித்த குரலில் பேசினாள்.

"நீதான்னு தெரியும்டி. அது போகட்டும். ஆனா இத்தனை வருஷமா உன் கைக்குத்தானே வந்தாரு? என்கிட்ட ஒரு நாளும் வரலையே."



அதன்பிறகு எந்தச் சட்டையும் திரும்பி வரவில்லை. வெள்ளைச் சட்டை பின்னறை ஆணியில் தொங்கியது. தினமும் காலையில் அக்கா ஒன்றே ஒன்று கேட்பாள்: "ஈரமா இருக்கா?"

"இல்லக்கா" என்று எத்தனை நாள்தான் சொல்வது! ஒருநாள் விடியும்போதே கால்வாய்க்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து கைமுனையை நனைத்தாள். அக்கா தொட்டுப் பார்த்துக் கல்யாணப் பெண்ணாகச் சிரித்தாள். அன்றிலிருந்து அதுவே தினசரி வேலையானது.

நேற்றுத் தையல்காரிக்குக் காய்ச்சல். கால்வாய்ப் பக்கமே போகவில்லை. பாயில் படுத்தபடி, அக்கா கேட்கப்போவதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

அக்கா கேட்கவில்லை. சட்டையை ஆணியிலிருந்து கழற்றி, வாளிமேல் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு முழுசா நனைஞ்சு வந்திருக்காருடி" என்றாள்.