வாசலைத் தாண்டாத அம்மா

அத்தை வீட்டு நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைத் தாண்டி அம்மா உள்ளே வரவில்லை. எனக்குச் சின்னம்மை. ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்துக் கலவைக்கு வந்தவள், இளநீரைப் படியில் வைத்துவிட்டுத் தெருவிலேயே நின்று, "சொறியாதடி கண்ணு" என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "உள்ள வாம்மா" என்று கத்தி அழுதேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எல்லாம் தம்பிக்காக. பிறவியிலேயே அவன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. எங்களுக்கு வெறும் சளி என்றால் அவனுக்கு அது வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டில். அம்மை ஒட்டினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும் குறை என்றும் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா அவனை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. அவனுக்குத் தனித் தட்டு, கொதித்து ஆறிய தண்ணீர், வெயிலில் காய்ந்த போர்வை. தோல் கம்பெனியிலிருந்து வரும் அப்பாகூடக் குளித்த பிறகுதான் அவனைத் தொடலாம். நான் தும்மினால் போதும், "அந்தாண்ட போ!" என்பாள். எனக்கு வயிறு எரியும். அவன் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, சாமி சத்தியமாக. அந்த நோய் எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். அம்மை போட்ட பிள்ளையின் பக்கத்தில் தாய் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிவிடுவாள். ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிற அது எனக்கு அத்தை கையால்தான் கிடைத்தது. அத்தை நல்லவள்தான். ஆனால் அம்மா இல்லையே.

போன மாதம் என் மகளுக்கு அம்மை போட்டது. தம்பி இன்று மாதாமாதம் மருந்து ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறான். அம்மா அவனோடு இருக்கிறாள். அதனால் வரமாட்டாள் என்றே இருந்தேன். தம்பியே போன் பண்ணினான். "அம்மாவ அனுப்புறேன்க்கா. பாப்பாவுக்கு நல்லா ஆனப்புறம், கொஞ்ச நாள் கழிச்சி இங்க திரும்பி வரட்டும். நான் சமாளிச்சிக்கிறேன். இந்த வாட்டி அம்மா உனக்கு."

வந்தவள் வாசலில் கட்டியிருந்த கொத்திலிருந்து ஒரு இணுக்கை ஒடித்துக்கொண்டு நேரே உள்ளே போனாள். பேத்தியை மடியில் போட்டு நெற்றியிலிருந்து பாதம்வரை வருடினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெற்ற மகள்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. படியிலேயே நின்றுவிட்டேன்.

அம்மா நிமிர்ந்தாள். "இன்னாடி அங்கியே நிக்கிற? வா."

போய் உட்கார்ந்தேன். என் புருவத்துக்கு மேலிருக்கும் பழைய அம்மைத் தழும்பில் அந்த இலையை வைத்து மெல்லத் தடவினாள்.

"ஆயா, அரிக்குது, எனக்கு!" என்று மகள் சிணுங்கினாள்.

"இருடி," என்றேன். "முதல்ல எனக்கு."