சுகிர்தா அக்காவின் இடது கால்

பூவம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். பெயர் பங்கஜவல்லி, கோபக்காரி என்பது ஊர் கொடுத்த பட்டம். சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் செய்யும் திருட்டுத்தனத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மாதம் முழுக்கப் பலகாரத்தை வெளுத்துக்கட்டிவிட்டு, கடைசி இரண்டு நாள் பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டு வந்து சாதுவாக விரலை நீட்டுவார்கள்.

சுகிர்தா அக்காவை மட்டும் நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்ததே இல்லை. இளம் வயதில் முல்லைத்தீவிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். முகாமுக்கு வெளியே தங்கப் பதிவு செய்துகொண்டு, இங்கே ஒரு வாடகை வீட்டில் தையல் மெஷினோடு தனியாக இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை எப்போதும் அளவோடுதான் இருக்கும். "அக்காவைப் பாத்துக் கத்துக்கங்க" என்று வரிசையில் நிற்பவர்களை நான் ஏசியதுண்டு.

போன வருஷம் புது முறை வந்தது. வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்க, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. கூடவே எல்லோருடைய பாதத்தையும் பார்த்தாக வேண்டும். அக்காவின் சராசரி தாறுமாறாக ஏறிக் கிடந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை.

"செருப்பைக் கழட்டுங்கக்கா."

"கால் நல்லாயிருக்கு பிள்ளை."

"கழட்டுங்கங்கிறேன்ல."

இடது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. பிரித்தால், குழி விழுந்த புண்.

"விரல் போயிடும்க்கா! எத்தனை நாளா இப்படி மறைச்சு வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். 

அக்கா அழவில்லை. மெதுவாகச் சொன்னார். ஊருக்குத் திரும்ப மனுப் போட்டிருக்கிறாராம். நாங்கள் எழுதும் சர்க்கரை அளவெல்லாம் அந்த மனுவைப் பார்க்கும் ஆபீசுக்குத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் வெறும் தேத்தண்ணியோடு நாள் கணக்கில் பட்டினி கிடந்திருக்கிறார்.

"வருத்தக்காரியை ஆர் அனுப்புவினம் பிள்ளை?" வருத்தம் என்றால் அவர் பேச்சில் நோய்.

"யாருக்கா உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் நினைச்சனான்."

எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பெயர் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, கூப்பிட்ட இடத்தில் போய் நின்றே வாழ்க்கையைக் கழித்தவர். யார் எதை எழுதினாலும் அது தன் பயணத்தைத் தடுக்கும் என்றுதானே அவருக்குத் தோன்றும்?

அவருக்கு ஊரில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு அக்காதான். அந்த அம்மாவுக்கும் சர்க்கரைதான். அதிலேயே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். தனியாகக் கிடக்கிறார்.

"போய் அவளைத் தூக்கிக் குளிக்க வார்க்கோணும் பிள்ளை. ரெண்டு பேருக்குமா மூண்டு காலாவது வேணும்."

"அப்ப முதல்ல இந்தக் காலைக் காப்பாத்துவோம். இந்த அளவு எந்த ஆபீசுக்கும் போகாது. எனக்கும் டாக்டருக்கும் மட்டுந்தான். இனி பட்டினி கிடந்தீங்கன்னா பாருங்க!"

டாக்டர் இன்சுலின் எழுதினார். பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். ஊரில் அந்த அம்மாவின் வீட்டில் கரண்டு ஒழுங்காக இருக்காதாம், இப்போதே பழக வேண்டுமாம். பெரிய மண்பானைத் தண்ணீருக்குள் சின்னப் பானையை இறக்கி, மருந்தைப் பையில் கட்டி அதில் வைத்தார். தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தி, கையால் சுற்றிக்கொண்டார். கட்டுப் போட வரும்போதெல்லாம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றியே பேசுவார். கேட்டுக் கேட்டு, நான் பார்த்தேயிராத அந்தக் கிணற்றின் மேல் எனக்கே ஏக்கம் வந்துவிட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. சராசரியும் இந்த முறை நிஜமாகவே இறங்கியிருந்தது. அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முல்லைத்தீவுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"அக்கா, புண் மாறீற்றுது. சீனியும் குறைஞ்சிட்டுது."

"காலை எடுக்கேல்லையே?"

"இல்லையக்கா. முழுசா இருக்கு. நல்லா நடக்கிறன்."

 மனுவுக்கு அதுவரை பதில் வரவில்லை என்று அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

"பிறகேன் இன்னும் அங்கை நிக்கிறாய்?"