மாத்திரை மேல் விழுந்த பழி

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கு முதலில் வருவது ரொட்டிதான். டாக்டரெல்லாம் அப்புறம். பார்க்க வருகிறவர்கள் பேக்கரியில் நின்று ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் ரஸ்க்கும் வாங்கிக்கொண்டுதான் படியேறுவார்கள். பாலில் தொட்டுச் சாப்பிடு, வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் திருப்பூரில் என்னைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த ரொட்டியை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம். அத்தனையும் நான்தான் தின்றேன். தின்னத் தின்ன இளைத்தேன்.

குண்டடம் பக்கம் தோட்டத்து வீட்டில் கம்பும் சோளமும் அரிசியும் தின்று வளர்ந்தவள் நான். கட்டிக்கொடுத்த இடத்தில் மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் ராத்திரியானால் எல்லோருக்கும் சப்பாத்தி. பகலில் கம்பெனி டீக்கு பன்னு. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கொஞ்சம் தையல் மெஷின்கள், அவ்வளவுதான். கல்யாணமான வருஷம்தான் என் வீட்டுக்காரர் அதை ஆரம்பித்தார். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை எனக்கு. அதை நான் நன்றாகச் செய்தேன். அங்கேதான் வினை பிடித்தது.

நான் வாந்தியும் மயக்கமுமாகப் படுத்துவிட்டால் செக்கிங்குக்கு ஆள் எங்கே தேடுவது, ஒரு வருஷம் போகட்டும் என்றார் அவர். கருத்தடை மாத்திரையையும் அவரே மருந்துக் கடையில் வாங்கிவந்தார். எனக்கும் சம்மதம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். சரியென்றேன்.

அந்த மாத்திரை ஆரம்பத்திலிருந்தே சரிப்படவில்லை. நாள் தவறாமல் போட்டும் மாதத்தின் நடுவில் நடுவில் கறை பட்டது. போதாததற்கு வயிறு உப்பும், கழியும், வாயெல்லாம் புண். ஒரு வருஷம் எப்படியோ ஓட்டிவிட்டு நிறுத்தினேன். இனிமேல் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று பார்த்தால், தீட்டு வருவதே நின்றுபோனது.

முதல் மாதம் என் மாமியார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் முழுகாமல் இருப்பதாக அவரே முடிவுகட்டி, தாராபுரம் வரைக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். பரிசோதித்தால் ஒன்றுமில்லை. மறுமாதமும் வரவில்லை. மறுபடியும் ஆசை, மறுபடியும் ஒன்றுமில்லை. பெண் டாக்டர் ஒருவர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். போட்டால் பேருக்குக் கொஞ்சம் வரும், விட்டால் நின்றுவிடும். ரத்தம் குறைவு என்று கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் உடம்பில் ஏறவில்லை. நான் இளைக்க இளைக்கச் சேலைக் கொசுவம்தான் பெருத்துக்கொண்டே போனது.

அந்த நேரம் பார்த்து, பீரோவில் துணி அடுக்கப் போன மாமியார் கையில் பழைய மாத்திரை அட்டை ஒன்று அகப்பட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கட்டிலில் உட்கார்ந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைத் தின்னு தின்னுத்தான் வயித்தைக் காய வெச்சுக்கிட்டயா, கண்ணு?" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்போது அந்த அறை வாசலிலேயே நின்றிருந்தார். வாயைத் திறப்பார், திறப்பார் என்று பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். அம்மாவால் தாங்க முடியாது, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று அப்புறம் என்னிடம் வந்து கெஞ்சினார்.

அதிலிருந்து என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் மாத்திரைக் கதை சொல்லப்பட்டது. ரொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அடிப்பாவி என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்கு வாய் நீளம் என்று பிறந்த ஊரிலேயே பேர். அந்த வாய் இந்த ஒரு விஷயத்தில் ஊமையாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்காக என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. உள்ளுக்குள் நானும் அதை நம்பினேன். என் பிள்ளையை நானே விழுங்கிவிட்டேன் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

கடைசியில் செக்கிங் மேஜை மேலேயே மயங்கி விழுந்தேன். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வயிற்று டாக்டர் ஒருவர், வடக்கே படித்துவிட்டு வந்தவர், நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அதுவரை ஒரு டாக்டரும் அதைக் கேட்டதில்லை. ரத்தம் எடுத்தார், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். அடுத்த முறை போனபோது செலியாக் என்று ஒரு பேர் சொன்னார். கோதுமை எனக்கு ஆகாதாம். சப்பாத்தி, பன், ரொட்டி, ரவை, மைதா எதுவும் இனி வாழ்நாள் முழுக்கக் கூடாதாம்.

மாமியாருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மாத்திரை விஷயத்தை அவரே எடுத்து டாக்டர் முன்னால் போட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "மாத்திரை மேல தப்பில்லைம்மா. நிறுத்தினா பெரும்பாலும் சில மாசத்துல பழையபடி வந்துடும். இவங்க குடல் உள்ளே புண்ணாகிக் கிடக்கு. சாப்பிட்ட சாப்பாடே ஒட்டல. உடம்பு பட்டினி கிடந்தா தீட்டு நின்னு போகும்" என்றார். மாத்திரை போட்ட நாளில் நடுவில் கறை பட்டதைக் கேட்டேன். மருந்தும் சரியாகச் சேராமல் போயிருக்கலாம், ஆனால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

நான் அந்த அறையிலேயே விக்கி விக்கி அழுதேன். எனக்கு ஒரு வியாதி இருக்கிறது என்று கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

திரும்பும்போது காரில் என் வீட்டுக்காரருக்கு எங்கிருந்தோ வாய் முளைத்துவிட்டது. "அந்த மாத்திரைகூட நாந்தாம்மா வாங்கிக் குடுத்தேன்" என்றார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என்னமோ வேடிக்கை சொல்வதுபோல. எனக்கு வந்ததே ஆத்திரம். பழி இருந்தவரைக்கும் அது என் தலையில். பழி போனதும் மாத்திரைக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

முன் சீட்டிலிருந்த மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "நான் இவளைப் பேசறப்பவெல்லாம் நீ கேட்டுட்டுத்தானே இருந்தே?" என்றார்.

அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். "வண்டியை நிறுத்து" என்றார் மாமியார். இறங்கிப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருப்பூர் வரும்வரை என் கையை விடவே இல்லை.

வீட்டில் எனக்கென்று தனி மாவு, தனி வாணலி வந்தது. பார்க்க வருகிறவர்களின் ரொட்டியை மாமியார் வாசலிலேயே வாங்கித் தையல்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். வயிறு கழிவது முதலில் நின்றது. ரத்தம் மெல்ல ஏறியது. மாதங்கள் போய், ஒருநாள் காலையில் மாத்திரை எதுவும் இல்லாமல் தானாகவே வந்தது. நேராக மாமியாரிடம் ஓடினேன். மாதாமாதம் இது வரக்கூடாது என்று சாமிக்கு விளக்குப் போட்டவர் அவர். "வந்திருச்சா, கண்ணு?" என்று கேட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்த ஆவணியில் குன்னத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் என் வீட்டுக்காரரின் தாராபுரத்து அத்தை. இலையில் சோறு விழுந்ததும் ஆரம்பித்துவிட்டார். இவள் இன்னமும் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாளா என்று என் மாமியாரைப் பார்த்துக் கேட்டார், நாலு இலைக்குக் கேட்கிற மாதிரி. மாமியார் திரும்பித் தன் மகனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அது நான் சொல்லித் தின்னதுங்க அத்தை. அப்ப எனக்குத்தானுங்க புள்ளை வேண்டாம்னு இருந்துச்சு. அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே ஆறிப்போனது. மீதியை எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் வைத்திருக்கிறேன்.