புல்லுக்குக் கீழே

சித்தி கனடாவுக்கு வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினோராம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில் அவரும் வந்து சேர்ந்தார். அம்மாவும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள். இனி என்னைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போக வீட்டில் ஓர் ஆள் உண்டு. சித்தியின் வருகையை நான் இவ்வளவாகத்தான் விளங்கிக்கொண்டிருந்தேன்.

அதுவரை ஞாயிறுகளில் என்னைப் பார்த்துக்கொண்டவர் எதிர்வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்கார அன்ரி. வேல்ஸில் பிறந்தவர் என்பதால் அம்மா அவரை வேல்ஸ் அன்ரி என்பார். ஆங்கிலத்தில் திமிங்கலங்களுக்கும் அதே சத்தம்தான் என்பதால், அவர் கடலோடு ஏதோ சம்பந்தப்பட்டவர் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். முழங்கால் வருத்தத்தோடு பொல்லை ஊன்றி மெல்ல நடப்பார். என்னைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று பார்க் பக்கமே கூட்டிப்போக மாட்டார்.

சித்தி கூட்டிப்போனார். ஆனால் சீமெந்துப் பாதையை விட்டு ஓர் அடி இறங்க மாட்டார். ஊஞ்சல்களோ புல்வெளிக்கு அந்தப் பக்கம். என் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி பாதையிலேயே சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். மற்றப் பிள்ளைகள் ஆடுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நான் இழுபட்டுப் போவேன். அம்மாவிடம் முறைப்பட்டேன்.

"அவள் இப்பதானே வந்தவள். கரைச்சல் குடுக்காதை" என்றார் அம்மா.

சித்திக்குச் சப்பாத்து நனைவது பிடிக்காது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை வேல்ஸ் அன்ரியையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பெரிய ஆள் சொன்னால் சித்தி கேட்பார் என்பது என் திட்டம். பாதையோரத்து மர வாங்கில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். புல்லின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. சித்திக்கு ஆங்கிலம் வராது, அன்ரிக்குத் தமிழ் வராது. நடுவில் நான்.

"உந்த நிலத்துக்குக் கீழ என்ன இருக்கெண்டு கேள்" என்றார் சித்தி.

கேட்டேன். இந்த நிலத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார் அன்ரி. ஆனால் தன் ஊர் மைதானத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும் என்று சொல்லத் தொடங்கினார்.

அவருடைய ஊரில் எல்லோரும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கழிவு, வீடுகளுக்குப் பின்னால் ஒரு கறுத்த மலையாக எழுந்து நின்றது. பிள்ளைகள் விளையாட வேறு இடம் இல்லை. பிறகு சுரங்கத்தில் வேலை இல்லாமல் போன காலம் ஒன்று வந்தது. சும்மா இருந்த ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகக் கிளம்பினார்கள். அவர்களில் அன்ரியின் அப்பாவும் ஒருவர். மலையை அள்ளி அள்ளிச் சமதரையாக்கி, மேலே நல்ல மண் பரவி, புல் விதைத்தார்கள். ஊஞ்சலும் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊஞ்சல்களைச் சங்கிலியால் கட்டிவிடுவார்களாம், அன்று தேவாலயத்துக்குத்தான் போகவேண்டும் என்று. நான் பதறிப்போய் எங்கள் ஊஞ்சல்களைப் பார்த்தேன். கட்டியிருக்கவில்லை.

ஒரு மலையைக் கையால் அள்ளி முடிக்கலாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்த என்னைச் சித்தி தோளில் இடித்த பிறகுதான் மொழிபெயர்க்கும் ஞாபகம் வந்தது.

"ஒரு பெரிய கரிமலை, சித்தி. அப்பாமார் எல்லாரும் சேந்து அதை அள்ளிப்போட்டு பார்க் செய்தவை."

சித்தி புல்வெளியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு, "அப்ப ஒவ்வொரு இடமும் கிண்டிப் பாத்துத்தான் பிள்ளையளை விட்டவையோ?" என்று கேட்டார்.

ஒவ்வோர் அங்குலமும் என்றார் அன்ரி. சொல்லும்போதே அவருடைய பார்வை சித்தியின் கால்களுக்குப் போனது. அவை புல்லில் படாமல் வாங்குக்கு அடியில் மடங்கி இருந்தன. என் அரைகுறை மொழிபெயர்ப்பிலிருந்து அவர் எதை விளங்கிக்கொண்டாரோ தெரியாது. முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

அன்ரி குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளையும் கழற்றினார். அந்தக் குளிரில் வெறுங்காலோடு புல்லில் இறங்கி, பொல்லை ஊன்றி, ஒவ்வோர் அடியையும் அழுத்தி வைத்து ஊஞ்சல் வரைக்கும் நடந்தார். பனி கலைந்த இடங்களில் அவருடைய கால் தடங்கள் கரும்பச்சையாகத் தெரிந்தன. அங்கே திரும்பி நின்று, வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

சித்தி எழுந்தார். முதல் தடத்தில் காலை வைத்தார்.

"நான் வைக்கிற இடத்திலதான் நீயும் காலை வைக்கவேணும்" என்றார் என்னிடம்.

நல்ல விளையாட்டு என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் சித்தி அதை மிகவும் மெதுவாக விளையாடினார். பாதி வழியில் பொறுக்க முடியாமல் கையை உதறிக்கொண்டு, புல்வெளிக்குக் குறுக்கே ஊஞ்சலைப் பார்த்து ஓடினேன்.

பின்னால் சித்தி போட்ட சத்தத்தைப் போல ஒரு சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் தடங்களை விட்டுவிட்டு, நான் ஓடிய பக்கமாக நேரே பாய்ந்து வந்துகொண்டிருந்தார். சப்பாத்து ஒன்று கழன்று விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. புல்லில் இறங்கவே மாட்டாத என் சித்திக்கு இவ்வளவு வேகமாக ஓடத் தெரியுமா என்று பிரமித்துப்போனேன்.

என்னைக் கட்டிப்பிடித்தபடி ஊஞ்சலடி மணலில் முழங்காலில் விழுந்தார். அவருடைய நெஞ்சு அடிப்பது என் காதுக்குள் கேட்டது. வேல்ஸ் அன்ரி கிட்ட வந்து சித்தியின் தலையில் கையை வைத்தார்.

நிலத்துக்குள் புதைத்துவைக்கும் மிதிவெடி என்ற சொல்லை நான் அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகு. போர் நடந்த எங்கள் ஊரில் சித்தி படிப்பித்த பள்ளிக்கூடத்து மைதானத்தில், பந்து எடுக்கப் போன ஒரு பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அம்மா சொன்னதும் அப்போதுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் இருவரும் ஓடினோம், நான் வென்றுவிட்டேன் என்பது மட்டும்தான்.

"நான்தான் முதல், சித்தி" என்றேன்.

"ஓம் குஞ்சு, நீதான் முதல்" என்றார் சித்தி. பிடியை மட்டும் விடவில்லை.