கழித்தலைக் கூட்டலாக்கினேன்

ஒரு பெண்ணின் வேலையை நான் பறித்தேன். தெரிந்தே பறித்தேன். ஒரு பொத்தானைத் தொட்டதே அதற்குப் போதுமாக இருந்தது.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்ல எனக்கு ஏது முகம்!

இரணியல் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கின் மின்னணு ஆய்வகத்தில் நானும் ஜெஸ்லினும் தற்காலிகப் பயிற்றுநர்கள். நான் மூத்தவள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவளும் நானே. நிரந்தர இடம் ஒன்று வந்தது... ஒன்றே ஒன்று! நிர்வாகத்தார் முன் ஆளுக்கொரு சோதனை செய்துகாட்ட வேண்டும். என்னுடையது சுமாராக முடிந்திருந்தது.

அவள் எடுத்துக்கொண்டது டிஜிட்டல் ஓசிலோஸ்கோப்பின் 'மேத்' வசதி. மின்சுற்றின் இரண்டு புள்ளிகளிலிருந்து இரண்டு அலைகள் திரையில் ஓடும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழி என்றால், கருவி அந்த வித்தியாசத்தை மூன்றாம் அலையாக வரைந்து காட்டும். அதை அவள் விளக்கும்போது பிள்ளைகள் அவளையே மொய்ப்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்கூட! எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான்... வேறு பெயர் சூட்டி உங்களை ஏய்க்க மாட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செட் செய்து துணி போர்த்திய கருவியை இன்னொருவர் தொடக் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். முந்தின சாயங்காலம் ஜெஸ்லின் எல்லாவற்றையும் சரிபார்த்து, துணியைப் போர்த்திவிட்டு, திருச்சபையில் பாட்டு ஒத்திகைக்குக் கிளம்பினாள்.

"அக்கா, யாரும் தொடாம பாத்துக்கிடுங்க."

"நீ போ மக்கா, நான் இருக்கேம்லா."

அவள் தலை மறைந்ததும் துணியை விலக்கினேன். கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக்கினேன். ஒரு தும்மலுக்கு ஆகும் நேரம்கூட ஆகவில்லை! மடிப்பு மாறாமல் மறுபடி போர்த்தி வைத்தேன்.

மறுநாள் மூன்றாம் அலை திரையை முட்டிக்கொண்டு எழுந்தது. "ரெண்டையும் விடப் பெருசா இருக்கே... கழிச்சா கூடுமாம்மா?" என்று தாளாளர் சிரித்தார். திரையின் ஓரத்தில் அந்தச் சின்னக் கூட்டல் குறி நின்றது. பதற்றத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை. கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்...

ஒரு சொல் சொல்லி நான் காப்பாற்றியிருக்கலாம். சொன்னேனே! "ஏட்டி, படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா, பதறாதேன்னு!" எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். அவள் அழுதாள். என் நெஞ்சு குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது!

இடம் எனக்குக் கிடைத்தது. அவளுடைய தற்காலிக வேலையும் அதோடு போயிற்று. அவள் இப்போது நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். தன் கைதான் தவறியது என்று இன்றும் நம்புகிறாள்.

அதோடு நின்றிருந்தாலாவது... போன வாரம் புதுக்கடை ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் துறைத்தலைவர் போனில் அழைத்தார். ஜெஸ்லின் அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். விசாரிக்க என் பேரைக் கொடுத்திருக்கிறாள். ஆள் எப்படி என்று கேட்டார். செய்த பாவத்தில் பாதியையாவது கழுவ, வாசல் தேடி வந்த வாய்ப்பு! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நல்ல பிள்ளைதான் சார்... ஆனா நாலு பேரு பாத்தா கருவியில கை நிக்காது."

ஏன் சொன்னேன்? மறுபடி அந்தக் கருவி முன் உட்கார்ந்தால், அன்று நடந்ததை அவள் யோசித்துக் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயமா? அல்லது என் குணமே அதுதானா? சத்தியமாகத் தெரியவில்லை...

நேற்று அவளே கூப்பிட்டாள்.

"அந்த வேலை கெடைக்கல்லக்கா. போட்டும், விடுங்க. நீங்க எனக்காகப் பேசியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

"பேசினேன் மக்கா," என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை.