சேவியரின் பதினோரு பாட்டு: ராயப்பன்பட்டிக்கு ஒரு பயணம்

2009 ஜூலையில், சாரல் பிடித்த ஒரு வெள்ளிக்கிழமை ராயப்பன்பட்டிக்குப் போய்வந்தேன். இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, அணைக்கட்டு, நல்ல பரோட்டா கடை என்றுதான் எழுதுவேன். இது அந்த வகைப் பயணம் இல்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கிவரப் போனேன். என் நண்பன் சேவியர் செய்த பதினோரு பாட்டும் அதில்தான் இருந்தன. சேவியர் மே மாதம் இறந்துவிட்டான்.

அவனை நான் நேரில் பார்த்ததே இல்லை. இணையத்தில் ஒரு குழுமம் வைத்து, புதிதாக வரும் ஃபங்க், ஹிப்-ஹாப், எலக்ட்ரானிக் இசையைப் பற்றி ஏழெட்டுக் கிறுக்கர்கள் எழுதிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் பெங்களூர், சிங்கப்பூர் ஆட்கள். சேவியர் மட்டும் ராயப்பன்பட்டிக்காரன்; பக்கத்து உத்தமபாளையத்தில் ரேடியோ செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற தொழில். ஓய்ந்த நேரத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எந்த நாட்டிலோ எவனோ தன் அறைக்குள் செய்த பாட்டையெல்லாம் இறக்கி, சிடியில் எழுதி எனக்குத் தபாலில் அனுப்புவான்.

முதல் சிடியைக் கேட்டுவிட்டு, “பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்று ஃபோனில் கேட்டேன். சிரித்தான். “தவில்காரரு ஒரு அடி பிந்தி அடிச்சா நம்மாளுக வைவாக. இதுல அந்தப் பிந்துற அடிதான் பாட்டே. அத மட்டும் கேளுப்பா” என்றான். கேட்டேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸ் மேஜைக்கு அடியில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் காதை வெறுமனே கண்ணாடி மாட்டத்தான் வைத்திருந்தேனோ என்று தோன்றியது.

பிறகு அவனே பாட்டுச் செய்ய ஆரம்பித்தான். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மிஷின், மோட்டார் ஸ்டார்ட்டர் விழுகிற சத்தம், கோயில் மணி எல்லாவற்றையும் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டினான். மாதிரிக்கு ஒன்றை மட்டும் அனுப்பினான். மிச்சத்தைக் கேட்டால், “பதினொண்ணும் முடியட்டும், மொத்தமாத் தாரேன்” என்பான். ஏப்ரல் கடைசியில் முடிந்துவிட்டது என்று ஃபோன் செய்தான். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் சீரியல் பல்பு கட்டும்போது மின்சாரம் தாக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான். எனக்கு விஷயம் தெரியவே இரண்டு மாதம் ஆயிற்று. விடாமல் ஃபோன் அடித்ததில் ஒருநாள் அவனுடைய அக்கா எடுத்து, விஷயத்தைச் சொன்னார்.

இனி வழி. சென்னையிலிருந்து ராத்திரி வண்டியில் மதுரை வந்தால், ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்குக் கம்பம் பஸ். உத்தமபாளையத்துக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், மூன்று மணி நேரம். தேனியில் இறங்கி டீ குடிக்க அவகாசம் தருவார்கள். பழனிசெட்டிபட்டி தாண்டியதும் காற்று மாறும். வீரபாண்டியில் ஆறு, அதற்கப்புறம் இருபுறமும் வயல். நடவு நடந்துகொண்டிருந்தது. வேறு சமயமாக இருந்தால் இதற்கே இரண்டு பத்தி எழுதியிருப்பேன். அன்றைக்கு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இந்தச் சாலையில் ஒருதடவைகூட வராமல் போனோமே என்று நொந்துகொண்டேதான் வந்தேன்.

உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி எட்டு கிலோமீட்டர் இருக்கும். மினி பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாததால் எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தேன். பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“ரேடியோ செட் சேவியர் வீடா? என் கல்யாணத்துக்கு அவருதான் செட்டு. விடியக்காலைல ஒரு பாட்டுப் போட்டாரு பாருங்க, ‘டிக்கு டிக்கு கர்ரு’ன்னு. குழாய் ரிப்பேருன்னு நெனச்சு எங்க மாமனாரு ஏணியப் போட்டு மரத்துல ஏறிட்டாக.”

இரண்டு பேரும் சிரித்தோம். எண்பதில் ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்பதையும் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

சேவியரின் அக்கா ஜெயமேரி முற்றத்தில் திராட்சை தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை; அக்கா வீட்டில்தான் இருந்திருக்கிறான். “மெட்ராஸ்ல இருந்தா வந்தீக? உங்களப் பத்திப் பேசாத நாளில்ல” என்று சொல்லிக் காப்பி கொடுத்தார். பின்பக்க அறையைத் திறந்துவிட்டார். ஆம்ப்ளிஃபயர்களும் குழாய்களும் அடுக்கியபடி இருந்தன. கம்ப்யூட்டர் துணி போர்த்தி இருந்தது. மேஜையில் ஹார்ட் டிஸ்க் இல்லை. ஒயர் மட்டும் கிடந்தது. அக்காவிடம் கேட்டேன்.

“அந்தக் கறுப்பு டப்பாவா? அது அவன்கிட்டயே இருக்கு தம்பி.”

எனக்குப் புரியவில்லை.

“சவப்பெட்டில வச்சு அனுப்பிட்டேன். மத்தவுக ஜெபமாலை வச்சாக. நா அத அவன் கைக்குள்ள வச்சேன். பிள்ளைக அதத் தொட்டா, ‘ஏலே, தொடாதீக, என் உசுரே அதுக்குள்ளதான் இருக்கு’ன்னு கத்துவான். அவன் உசுருன்னு சொன்னத இங்கன வச்சுக்கிட்டு அவன மட்டும் அனுப்ப எனக்கு மனசு வரல.”

கம்ப்யூட்டரைப் போட்டுத் தேடினேன். அதிலும் பாட்டு இல்லை. எல்லாவற்றையும் அந்த டப்பாவுக்கு மாற்றியிருந்தான். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: “ஏன் தம்பி, தப்புப் பண்ணிட்டேனா? வேணும்னா பங்குச்சாமியாருட்டச் சொல்லித் தோண்டி...”

“இல்லக்கா, சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. எல்லாத்துக்கும் எங்கிட்ட காப்பி இருக்கு” என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அந்தம்மா முகத்துக்கு முன்னால் வேறெதுவும் வாயில் வரவில்லை.

“அப்பப் போடுங்க. இத்தன வருசம் கதவச் சாத்திக்கிட்டு என்னதான் பண்ணுனான்னு நா கேட்டதே இல்ல.”

அவன் மாதிரிக்கு அனுப்பிய ஒரு பாட்டின் சிடிதான் என் பையில் இருந்தது. டிவிடி பிளேயரில் போட்டேன். முதலில் மருந்து மிஷினின் உறுமல், அதன்மேல் ஒரு அடி பிந்தி வருகிற ஸ்டார்ட்டர் சத்தம். “இது நம்ம மிஷினுல்ல!” என்று அக்கா நிமிர்ந்தார். அடுத்து ஒரு பெண் குரல் வந்தது: “சோத்த வச்சு எம்புட்டு நேரம்டா.” எம்புட்டு, எம்புட்டு, எம்புட்டு என்று அதை நறுக்கித் தாளமாக்கியிருந்தான். நூறு தடவை கேட்டும், யாரோ ஒரு பெண் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு டிவியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மாலையில் கல்லறைக்குக் கூட்டிப்போனார். மண்மேடு, மரச்சிலுவை, காய்ந்த சாமந்தி. நான் கேட்காத பத்துப் பாட்டும் அதற்கு அடியில் இருந்தன. உலகத்தில் அவற்றை முழுதாகக் கேட்ட ஒரே ஆளும் அங்கேயே இருந்தான். எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன், ஜூலையில் காற்றும் சாரலும் இருக்கும், குடை நிற்காது, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தங்க உத்தமபாளையத்தைவிடத் தேனி வசதி. திராட்சையைத் தோட்டத்திலேயே வாங்கலாம், மருந்தடித்திருப்பார்கள், கழுவிச் சாப்பிடுங்கள். ஊருக்குத் திரும்ப மாலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது. இன்னொன்று, உங்கள் சிநேகிதர் யாராவது ஒரு அறைக்குள் உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டிருந்தால், முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரைகுறையாக இருந்தாலும் இன்றைக்கே ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

சிடியை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். பஸ் ஏற்றிவிட வந்தவர், ஒரு பை நிறையத் திராட்சையை ஜன்னல் வழியாகத் திணித்தார். மிச்சப் பாட்டையும் சீக்கிரம் அனுப்புகிறேன் என்றேன்.

“அனுப்ப வேணாம் தம்பி” என்றார். “காப்பி இருக்குன்னு நீங்க சொல்லையிலயே அது பொய்யுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டப்பாவ உள்ள வச்சது நாந்தானே. அவனாச்சும் கேட்டுக்கிட்டுக் கெடக்கட்டும்.”

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் திராட்சைப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.